மான் ரோமத்தை மீன் ஏன் விழுங்குகிறது?

குளத்தங்கரையில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டவர்களுக்கு மீன் ஏன் கடித்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. புழு நெளியும், அதற்கொரு வாசம் உண்டு, தின்றால் வயிறு நிறையும். ஆனால் வட அமெரிக்காவில் பாஸ் என்ற மீனைத் தேடிப் போகிறவர்களில் ஒரு சாரார் முள்ளில் கோப்பது உணவே அல்ல. மான் ரோமம், சேவல் இறகு, முயல் தோலில் கிழித்த ஒரு கீற்று, நாலைந்து ரப்பர் இழை. இவற்றைத் தூண்டில் முள்ளின் மேல் நூலால் இறுக்கிக் கட்டி, பிளேடால் சீவி, ஓர் உருவம் செய்துகொள்கிறார்கள். இதற்கு ஃப்ளை, அதாவது ஈ, என்று பெயர். டிரவுட் மீனுக்காகப் பூச்சிகளைப் போலக் கட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

பாஸுக்காகக் கட்டப்படும் ஃப்ளைகளில் பெரும்பாலானவை ஈயைப் போலவும் இருக்காது, வேறு எதைப் போலவும் இருக்காது. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் தவளை மாதிரியும் தெரியும், எலி மாதிரியும் தெரியும். வாசம் இல்லை, சுவை இல்லை. பல வருடம் ஏரியில் பிழைத்து, கொக்குக்கும் பெரிய மீனுக்கும் தப்பி வளர்ந்த ஒரு பாஸ் இதை வாய் நிறைய வாங்கிக்கொள்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியின் பின்னாலேயே இன்னொன்று வரும். கடையில் இந்த ஃப்ளைகள் நூற்றுக்கணக்கான வடிவங்களில், அதைவிட அதிகமான நிறங்களில் தொங்குகின்றன. இன்று, இந்தத் தண்ணீரில், எதை எடுத்துக் கட்டுவது?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான் என்பது என் எண்ணம். அந்த விடை ஃப்ளையில் இல்லை, மீனின் உடம்பில் இருக்கிறது. இரையை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த பொம்மை என்று ஃப்ளையை நினைத்தால் எதுவும் புரியாது. பாஸ் தன் இரையை ஒரே புலனால் அறிவதில்லை. தூரத்தில் கண், நெருங்கும்போது உடம்பின் பக்கவாட்டில் ஓடும் ஒரு தனி உணர்வு, கடைசி விரற்கடையில் வாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. நல்ல ஃப்ளை இந்த மூன்றுக்கும் முறையாகப் பதில் சொல்கிறது. அதன் ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு புலனுக்காகவே அங்கே இருக்கிறது.

பாஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே பேசுவது இரண்டு மீன்களைப் பற்றி. பெரியவாய் பாஸ், சிறுவாய் பாஸ். கிழக்கு வட அமெரிக்காவின் நன்னீரில் பிறந்தவை இவை. முன்னது தாமரையிலைகளும் பாசியும் மண்டிய, அசையாத வெதுவெதுப்பான தண்ணீரை விரும்பும். பின்னது பாறையும் கூழாங்கல்லும் உள்ள, கொஞ்சம் குளிர்ந்த, ஓடும் தண்ணீரை விரும்பும். இரண்டும் துரத்திப் பிடிப்பதைவிடப் பதுங்கிப் பிடிப்பதில் கைதேர்ந்தவை. மீன்பிடி விளையாட்டுக்காக உலகின் பல நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, போன இடங்களில் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்த பழியும் இவற்றுக்கு உண்டு. ஜப்பான் 2005 முதல் இரண்டையும் அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களாகச் சட்டப்படி அறிவித்து, உயிரோடு கொண்டுசெல்வதையும் தண்ணீரில் விடுவதையும் தடை செய்திருக்கிறது. நம் மலை ஏரிகளில் இவற்றைக் கொண்டுவந்து விடலாமே என்று யாராவது ஆசைப்பட்டால் அந்த அனுபவத்தை நினைவூட்ட வேண்டும்.

மான் ரோமத்தால் பாஸ் பிடிக்கும் வித்தை புதிதும் அல்ல. தாவரவியலாளர் வில்லியம் பார்ட்ரம் 18ஆம் நூற்றாண்டில் ஃப்ளோரிடாவில் சுற்றி வந்தவர். 1791இல் வெளியான அவருடைய பயண நூலில் இது விவரமாக இருக்கிறது. சிறு ஓடத்தில் இரண்டு பேர். ஒருவர் பின்னால் இருந்து துடுப்பு போடுவார். முன்னால் இருப்பவர் கையில் பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கோல், அதன் நுனியில் இரண்டடிக்கும் குறைவான கயிறு, கயிற்றில் முதுகோடு முதுகு ஒட்டிய மூன்று பெரிய முட்கள். முட்களை மறைத்து மான் வாலின் வெள்ளை ரோமம், சிவப்புத் துணிக்கிழிசல், பல நிற இறகுகள் சேர்ந்த கைமுட்டி அளவுக் குஞ்சம். அதைத் தண்ணீரை உரசியும் உரசாமலும் ஆட்டிக்கொண்டே போவார்கள். இன்றைய ஃப்ளையின் எல்லா அம்சமும் அதில் இருக்கிறது: பருமன், வெளிச்சத்தில் தெரியும் வெண்மை, அசைவு, மேற்பரப்பைக் கலைப்பது. இரையின் சாயல் மட்டும் இல்லை. மீனை அவர்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் பாஸ் அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும்? மேற்பரப்பு முழுவதும் கண்ணாடி ஜன்னல் போல ஊடுருவித் தெரியாது. ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வளைகிறது. இந்த ஒளிவிலகலால் வெளியுலகம் முழுதும், அடிவானம் வரை, மீனின் தலைக்கு நேர் மேலே 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 2.3 மீட்டர். ஆழம் கூடினால் வட்டமும் அதே விகிதத்தில் பெருகும். வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு வெறும் நிலைக்கண்ணாடி. ஏரியின் அடித்தரையும் தண்ணீரின் நிறமும் அதில் பிரதிபலித்துத் தெரியும்.

ஆகவே மிதக்கும் ஃப்ளை ஒன்று வட்டத்துக்கு வெளியே விழும்போது, தண்ணீருக்கு மேலே இருக்கும் அதன் முதுகு மீனுக்குத் தெரியவே தெரியாது. நாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய தவளைப் புள்ளிகளும் வண்ணப் பட்டைகளும் அந்தத் தூரத்தில் வீண். மீனுக்குத் தெரிவது, நிலைக்கண்ணாடியைக் கிழித்துக்கொண்டு கீழே நீட்டியிருக்கும் வயிறும், ரப்பர் கால்களும், அவை அசைந்தால் கண்ணாடியில் ஓடும் வெளிச்ச நெளிவும்தான். வட்டத்துக்குள் வந்த பிறகோ பின்னணியில் பிரகாசமான வானம். அதன் முன் எந்த நிறமும் ஏறக்குறைய நிழலுருவாகத்தான் தெரியும். மிதக்கும் ஃப்ளையை வாங்குமுன் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீனுக்குத் தெரியும் பக்கம் அதுதான்.

நிறம் முக்கியமே இல்லையா? இதைப் பற்றி மீன்பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேராக மீனிடமே கேட்டார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வு இரண்டு படியாக நடந்தது. முதலில் பெரியவாய் பாஸின் விழித்திரைச் செல்கள் எந்த அலைநீள ஒளியை அதிகம் உறிஞ்சுகின்றன என்று அளந்தார்கள். நிறம் அறியும் கூம்பு செல்கள் மனிதக் கண்ணில் மூன்று வகை. பாஸுக்கு இரண்டே வகை: ஒன்று 535 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கு, மற்றது 614 நானோமீட்டரை ஒட்டிய சிவப்புக்கு. நீலத்துக்கென்று எதுவும் இல்லை. அடுத்து, குறிப்பிட்ட ஒரு நிறத்திடம் போனால் உணவு என்று மீன்களைப் பழக்கி, பிறகு வேறு நிறங்களை எதிரே வைத்துச் சோதித்தார்கள். சிவப்புக்குப் பழகிய மீன் சிவப்பைத் தவறாமல் பொறுக்கியது. பச்சைக்குப் பழகியதும் நன்றாகவே செய்தது. ஆனால் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் அவை குழப்பிக்கொண்டன. கரு நீலமும் கறுப்பும் அவற்றுக்கு ஒன்றாகவே பட்டன. செல்களை அளந்து கணித்ததும் மீன்கள் செய்து காட்டியதும் பொருந்திப்போனதால் முடிவை நம்பலாம்.

ஷார்ட்ரூஸ் என்று மீன்பிடிப்பவர்கள் சொல்லும் அந்த எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஃப்ளை பாஸ் பெட்டிகளில் மிகப் பிரபலமானவற்றுள் ஒன்று. மஞ்சள் தீர்ந்துபோய் வெள்ளை மட்டும் மீதமிருந்தால் பெரியவாய் பாஸுக்காகக் கவலைப்பட வேண்டாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம். கறுப்பு இருக்கும்போது கரு நீலம் தனியாக வாங்கவும் வேண்டாம். சிவப்புக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தெளிந்த தண்ணீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். அங்கே ஆழத்தில் சிவப்பு ஃப்ளை சாம்பல், கறுப்பு ஆகிவிடும். இலைதழை ஊறிப் பழுப்பேறிய ஏரித் தண்ணீரில் கதை தலைகீழ். அங்கே முதலில் மறைவது நீலம், கடைசிவரை நிற்பது சிவப்பை ஒட்டிய ஒளி. பாஸின் கண் அந்த மாதிரித் தண்ணீருக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

கண்ணுக்கு அடுத்தபடி பக்கக்கோடு. மீனின் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுவதைச் சந்தையிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டில் நுண்ணிய துளைகள், துளைகளுக்குள் மெல்லிய குழல், குழலில் வரிசையாக உணர்மொட்டுகள். தலையைச் சுற்றியும், குழலுக்கு வெளியே தோலின் மேலும் இவை உண்டு. ஒவ்வொரு மொட்டிலும் சில மயிர்ச்செல்கள் ஒரு கூழ்த்தொப்பிக்குள் புதைந்திருக்கும். தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும், செல் மூளைக்குச் சேதி அனுப்பும். நம் காதின் உட்பகுதியில் ஒலியை வாங்குவதும் இதே வகை மயிர்ச்செல்தான். தோலின் மேல் இருப்பவை நீரோட்டத்தின் வேகத்தை உணர்கின்றன. குழலுக்குள் இருப்பவை வேகம் மாறும் அந்த நொடியை உணர்கின்றன. திடீரென்று ஒரு குஞ்சு மீன் துள்ளினால் குழல்மொட்டு அதைத் தவறவிடாது.

இந்தப் புலனின் எட்டம் மிகக் குறைவு. ஏறக்குறைய மீனின் ஒன்றிரண்டு உடல் நீளம் வரைதான். கண்ணை மறைத்த மீன்களையும், மருந்தால் பக்கக்கோட்டைத் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்த மீன்களையும் வைத்து நடந்த சோதனைகளில் இது தெரிந்தது. கண் இருந்தால் பெரியவாய் பாஸ் இரையைத் தொலைவிலேயே கண்டு கிளம்பிவிடுகிறது. கண் மறைக்கப்பட்டாலும் உயிருள்ள இரையைப் பிடித்துவிடும், ஆனால் இரை மிக அருகில் வந்த பிறகே. கலங்கிய தண்ணீரில் தூண்டில் போடுகிறவர் இதை மறக்கக் கூடாது. அங்கே ஃப்ளையை மீனின் மூக்கருகே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மெலிந்த ஒற்றை இறகு அங்கே எடுபடாது. பருத்த தலை வேண்டும்.

பருத்த தலைக்காகத்தான் மான் ரோமம். கட்டும் மேசையில் இதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பட்டறை வைஸ் மாதிரிச் சிறு பிடிப்பான் முள்ளின் வளைவைக் கவ்வியிருக்கிறது. வெள்ளைவால் மானின் உடம்பிலிருந்து வெட்டிய, பென்சில் பருமனுள்ள ஒரு கொத்து ரோமத்தை முள்ளின் தண்டின் மேல் குறுக்காக வைத்து, கட்டுகிறவர் நூலைத் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். பிறகு நூலை மெதுவாக, ஒரே சீராக இறுக்குகிறார். நூல் அழுந்திய இடத்தில் ரோமம் நசுங்குகிறது. இரு பக்கமும் விறைத்து எழுந்து, தண்டைச் சுற்றிச் சுழன்று பூவாக விரிகிறது. அதைக் கட்டைவிரல் நகத்தால் பின்னுக்குத் தள்ளி நெருக்கி, அடுத்த கொத்து. அதற்கடுத்த கொத்து. முடிந்ததும் கையில் இருப்பது தலைவிரிகோலமான ஓர் உருண்டை. சவரப் பிளேடை இரு விரலுக்கிடையில் வில்லாக வளைத்து, அடிப்பக்கத்தைத் தட்டையாக, மேல்பக்கத்தை வளைவாகச் சீவச் சீவ மேசையெங்கும் ரோமம் பறக்கிறது, ஒரு தலை உருவாகிறது. அடிப்பக்கம் தட்டையாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முள்ளின் வாய் அடைபட்டு, மீன் கடித்தும் குத்தாது.

மானின் உடல் ரோமம் ஏன் இப்படி விரிகிறது? குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே பெரும்பகுதி காற்று அடைத்த சிற்றறைகள். தஞ்சாவூர்ப் பக்கம் மாலையும் பொம்மையும் செய்யும் நெட்டியைக் கையில் எடுத்தவர்களுக்கு இதை எளிதில் புரியவைக்கலாம். அதே எடையின்மை, அதே நசுங்கும் தன்மை, அதே மிதப்பு. குளிர்காலத்தில் மானுக்குக் கம்பளியாக இருக்கும் காற்றுதான் இங்கே ஃப்ளையை மிதக்கவைக்கிறது. வால் ரோமத்தில் காற்றறைகள் குறைவு. ஆகவே அது விரியாது, நீளவாக்கில் படிந்து நிற்கும், தண்ணீரில் இறங்கும். ஒரே மானின் இரண்டு இடத்து ரோமம், ஒன்று மிதக்கும் ஃப்ளைக்கு, மற்றது மூழ்கும் ஃப்ளைக்கு.

மிதக்கும் வகையில் புகழ்பெற்றது பாப்பர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசியின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் பெக்கின்பா தக்கையில் செய்து பரப்பியது இது. முகப்பு தட்டையாகவோ குழிவாகவோ இருக்கும். இழுத்தால் முகப்பு தண்ணீரை முன்னே தள்ளும், பின்னால் ஒரு பள்ளம் விழும், பள்ளம் மூடும்போது காற்று உள்ளே சிக்கும். ‘பொக்’ என்ற சத்தம் வருவது இந்தச் சிக்கிய காற்றிலிருந்து. தண்ணீருக்குள் அகப்பட்ட குமிழி அமுங்கியும் விரிந்தும் மணியடித்தது போல அதிர்கிறது என்பதை டச்சு விஞ்ஞானி மின்னார்ட் 1933இல் கணக்கிட்டுக் காட்டினார். குமிழி பெரிதானால் சுருதி தாழும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 330 முறை அதிரும். பாஸின் காது தாழ்ந்த சுருதிகளுக்கே கூர்மையானது. கீச்சுச் சத்தத்தைவிடக் கனத்த ‘பொக்’ நன்றாக எட்டுவதற்கு இதுவே காரணம் என்று கொள்ளலாம்.

பாப்பர் போடத் தெரியாதவர்கள் செய்யும் தவறு இழுத்துக்கொண்டே இருப்பது. ஃப்ளை பாசியோரம் விழுகிறது. வட்ட அலைகள் பரவுகின்றன. அவை முழுதும் அடங்கும் வரை கோலை அசைக்காமல் நில்லுங்கள். ரப்பர் கால்கள் மட்டும் தாமாக நடுங்கிக்கொண்டிருக்கும். பிறகு தூண்டில் நரம்பை அரையடி வெடுக்கென்று ஒரு இழுப்பு, மறுபடி நிறுத்தம். மீன் வருவது பெரும்பாலும் நிறுத்தத்தில்தான். சத்தம் கேட்டுத் திரும்பி, கண்ணால் கண்டு நெருங்கி, பக்கக்கோட்டால் துடிப்பை உணர்ந்து, வாய் திறக்கும் தூரத்துக்கு வந்து சேர அதற்கு அவகாசம் வேண்டும்.

அந்தக் கடைசிக் கட்டத்தை அறிவியல் மிக நுணுக்கமாகப் பார்த்திருக்கிறது. பாஸ் நாய் போலக் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயையும் செவுள்மூடிகளையும் தொண்டையையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரித்து, உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, தண்ணீரோடு சேர்த்து இரையை இழுத்துக்கொள்கிறது. இவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது? தலையில் இருக்கும் தசைகள் மிகச் சிறியவை. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவாய் பாஸின் எலும்புகளில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, அது இரையெடுப்பதை அதிவேக எக்ஸ்-கதிர்ப் படமாக எடுத்தார்கள். வாய்க்குள் அழுத்தத்தையும் அதே நேரத்தில் அளந்தார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: உறிஞ்சும் ஆற்றலில் சுமார் 95 விழுக்காடு, நீந்துவதற்கென்று உடம்பு நெடுக இருக்கும் பெருந்தசைகளிலிருந்து வருகிறது. மீன் தன் முழு உடம்பாலும் உறிஞ்சுகிறது.

ஆனால் அந்த உறிஞ்சல் எட்டுவது கொஞ்ச தூரம்தான். பாஸின் நெருங்கிய உறவான புளூகில் மீனை வைத்து, தண்ணீரில் நுண்துகள்களைத் தூவி, மெல்லிய லேசர் ஒளித்தகடு பாய்ச்சி, துகள்களின் ஓட்டத்தைப் படமெடுத்தபோது ஒன்று தெளிந்தது. வாயின் விட்ட அளவு தள்ளிப்போனாலே நீரோட்டத்தின் வேகம் வாயருகே இருப்பதில் இருபதில் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது இரை ஏறக்குறைய உதட்டருகே இருந்தால்தான் வேலைக்காகும். விரைந்து ஓடும் ஃப்ளையை இந்தச் சிறு வட்டத்துக்குள் சிக்கவைப்பது மீனுக்குச் சிரமம். நின்றுபோன ஃப்ளை எளிது. நிறுத்தத்தில் மீன் விழுவதற்கு இதுவும் காரணம் என்பது என் கருத்து.

ஃப்ளையின் தனிச்சிறப்பும் இங்கேதான் இருக்கிறது. ஈயமும் மரமும் சேர்ந்த கனத்த பொய்யிரை, இழுக்கும் தண்ணீரை எதிர்த்து நிற்கும். இறகும் ரோமமும் தண்ணீர் போன வழியே போகும். முயல்தோல் கீற்று உறிஞ்சிய கணத்திலேயே மடிந்து உள்ளே போய்விடுகிறது. ஆனால் போன வேகத்தில் வெளியேயும் வரும். உணவில்லை என்று வாய் உணர்ந்ததும் மீன் அதைத் துப்பிவிடும். எனவே கடி தெரிந்ததும் கோலை வானத்தை நோக்கித் தூக்கக் கூடாது. கோல் வளைந்து இழுப்பையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். கோல்நுனி தண்ணீரை நோக்கியே இருக்க, இடக்கையால் நரம்பை நேராக, நீளமாக இழுக்க வேண்டும். முள் பதிந்த பிறகு கோலைத் தூக்கலாம்.

எறிவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிராம் அளவே எடையுள்ள ரோம உருண்டையைக் கல் எறிவது போல எறிய முடியாது. இந்த முறையில் எடை நரம்பில் இருக்கிறது. எட்டாம் எண் நரம்பின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம். பறப்பது நரம்பு, அதன் பின்னால் ஃப்ளை இழுபட்டுப் போகிறது. பருத்த பாப்பர் காற்றை அதிகம் பிடிப்பதால், பாஸுக்கென்று செய்யும் நரம்பில் எடையை முன்பக்கமாகக் குவித்திருப்பார்கள். முதலில் பெரிய பாப்பரை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு மெல்லிய நரம்பைத் தேடுவது துன்பத்தை விலைக்கு வாங்குவது.

மூழ்கும் வகையில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டும் பென்சில்வேனியாவில் சிறுவாய் பாஸுக்காகப் பிறந்தவை. ஒன்று வூலி பக்கர். ரஸல் பிளெஸ்ஸிங் 1967இல் கட்டியது. வான்கோழியின் மெத்தென்ற அடியிறகால் ஒரு வால், பஞ்சுக்கயிறு சுற்றிய உடல், அதன் மேல் சுருள் சுருளாகச் சேவல் இறகு. பாறைக்கடியில் வாழும் ஒருவகைப் பூச்சிப்புழுவை மனதில் வைத்துக் கட்டினார். ஆனால் அட்டை, இறால், குஞ்சு மீன் என்று எதுவாகவும் மீனுக்குப் படும். நரம்பை அசைக்காவிட்டாலும் அந்த வால் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த தண்ணீரில், பாஸின் உடல் வேகம் தணிந்து துரத்த மனமில்லாத நாட்களில், இதற்கு இணை எனக்குத் தெரியவில்லை.

மற்றது கிளவுசர் மினோ. சஸ்குவஹானா ஆற்றங்கரையில் ஃப்ளை கடை வைத்திருந்த வழிகாட்டி பாப் கிளவுசர் 1980களில் கட்டியது. மான்வால் ரோமம் கொஞ்சம், மினுங்கும் இழை கொஞ்சம், முன்பக்கம் டம்பெல் வடிவில் இரண்டு ஈயக் கண்கள். அந்தக் கண்களைத் தண்டின் மேல்பக்கம் கட்டியதில்தான் நுட்பம். கனம் மேலே இருப்பதால் ஃப்ளை தண்ணீரில் குப்புறக் கவிழ்கிறது, முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்கிறது, பாறையில் சிக்குவது குறைகிறது. இழுத்தால் தலை எழும்பும், நிறுத்தினால் தலைகீழாகக் குதிக்கும். அடிபட்ட குஞ்சு மீன் செய்வது அதையேதான். ரோமத்தை எவ்வளவு குறைத்துக் கட்டுகிறோமோ அவ்வளவு நன்றாக ஓடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அள்ளி வைத்துக் கெடுக்கிறார்கள்.

இனி அந்த இரண்டாவது கேள்வி அவ்வளவு கடினமில்லை. தண்ணீரைப் பார்த்து, இன்று மீனின் எந்தப் புலனுக்கு வேலை என்று கேட்டுக்கொண்டால் போதும். தெளிந்த ஆறு, உச்சி வெயில் என்றால் கண்ணே எல்லாம். மெலிந்த, இயல்பான நிறமுள்ள, சிறு கிளவுசர். மழைக்குப் பின் கலங்கல் என்றால் பக்கக்கோடு. பருத்த ரோமத்தலை, கறுப்பு நிறம், மெதுவான இழுப்பு, ஒரே இடத்தில் பலமுறை. அந்தி நேரத்து அசையாத ஏரிக்கு மேற்பரப்பில் நிழலுருவும் சத்தமும் வேண்டும், அதாவது கருத்த வயிறுள்ள பாப்பர். தாமரையிலைகளுக்கு நடுவே என்றால் முள்ளின் முன்னே நைலான் வளையம் கட்டிய ஃப்ளை. வளையம் இலையைத் தள்ள வேண்டும், மீனின் உதட்டுக்கு மடங்க வேண்டும். ஆறேழு வடிவம், மூன்று நிறம். அதற்கு மேல் பெட்டியில் இருப்பவை நம் ஆசைக்காக.

இத்தனைக்கும் பிறகு சில மீன்கள் எதையும் தொடுவதில்லை. இதுவும் ஆராயப்பட்டிருக்கிறது. இலினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டு, குறித்துக்கொண்டு, திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து ஏரியை வடித்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய 200 ஒருமுறைகூடப் பிடிபடாதவை. ஒரு மீனோ ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்டிருந்தது. டேவிட் ஃபிலிப்பும் அவருடைய குழுவினரும் அடிக்கடி பிடிபட்டவற்றைத் தனியாகவும் பிடிபடாதவற்றைத் தனியாகவும் மூன்று தலைமுறை இனம்பெருக்கினார்கள். இரு வழியும் விலகிக்கொண்டே போயின. தூண்டிலுக்கு மயங்குவது ஓரளவு பரம்பரையாக வரும் குணம் என்று 2009இல் அறிவித்தார்கள். எளிதில் பிடிபடும் வழியின் ஆண் மீன்கள் கூட்டைக் காப்பதிலும் அதிக முனைப்புள்ளவை என்பது பின்னால் தெரிந்தது.

இந்தக் கடைசிச் செய்தி என்னை உலுக்கியது. வசந்தத்தில் தண்ணீர் 15 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது ஆண் பாஸ் ஆழமில்லாத தரையில் வாலால் துடைத்துக் கூடு அமைக்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டையையும் குஞ்சையும் காப்பது ஆண் மட்டுமே. அந்த நாட்களில் எந்த ஃப்ளையைப் போட்டாலும் அது வாயில் எடுக்கும். கூட்டுக்கு மேல் வந்த அந்நியப் பொருளை அப்புறப்படுத்துவதற்காக எடுக்கிறது, பசியால் அல்ல. அதைத் தூக்கிப் படமெடுத்து, பத்திரமாகத் திரும்ப விட்டாலும், அதற்குள் புளூகில் கூட்டம் முட்டைகளைத் தின்னத் தொடங்கியிருக்கும். களைத்துத் திரும்பும் ஆண் சில வேளை கூட்டையே கைவிட்டுவிடும். நல்ல தகப்பன்களே முதலில் பிடிபடுகின்றன என்றால், கூட்டின் மேல் தூண்டில் போடுவதை என்னால் விளையாட்டாக ஏற்க முடியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கிறது. கூடு காக்கும் வாரங்கள் அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். டொராண்டோவைச் சுற்றிக் கோடையில் ஏரிக்கரைகளுக்குப் போகும் நம்மவர்கள் நிறையப் பேர். முதல்முறையாகக் கோல் வாங்குகிறவர்கள் உரிமத்தோடு அந்த ஆண்டின் விதிமுறைச் சுருக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். திறக்கும் தேதி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே விரலால் முள்ளைக் கழற்றிவிடலாம்.